பதிவு ஓடவில்லையா? கடைக்காரர்களுக்கு, அறிகுறி பார்த்துக் கதையைச் சரிசெய்யும் வழிமுறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் சமூக ஊடகப் பதிவு எழுதிக் கொடுக்கிறேன். முதுநகரில் கருவாட்டுக் கடை, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, தேவனாம்பட்டினம் போகிற வழியில் தங்கும் விடுதி, வில்லியனூரில் சுடுமண் வேலை செய்பவர் என்று பலதரப்பட்டவர்கள். புதிதாக எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் குறைவு. ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டு, "கதையா சொன்னா படிப்பாங்கன்னு சொன்னாங்க. சொன்னேன். அப்பவும் படிக்கலை. என்னன்னு பாருங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்படி வருகிற பதிவுகளில் கோளாறு பெரும்பாலும் எழுத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுத உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அது வெளியில் தெரிவது வேறு வேறு விதமாக. அதனால் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் பதிவில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு சோதனை

பதிவைக் கணினியில் பார்க்காதீர்கள். போனில் திறந்து, உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்துக் கடைத் தம்பி போதும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், கட்டை விரலைப் பாருங்கள். எந்த இடத்தில் விரல் வேகமாகத் தள்ள ஆரம்பிக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்குண்ணா" என்றுதான் சொல்வார், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "ஒருத்தர் தோப்பு புயல்ல விழுந்துருச்சு, மூணு வருஷம் கூலிக்குப் போனாரு" என்று ஒரு வாக்கியத்தில் சொன்னால் உங்கள் பதிவில் கதை இருக்கிறது. கோளாறு வேறு எங்கோ. "முந்திரி பத்திப் போட்டிருக்கீங்க" என்றால் பொருள் இருக்கிறது, கதை இல்லை. அப்படியானால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, கடைசித் தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

அறிகுறி: முதல் பத்தியைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள்

கருவாட்டுக் கடைப் பதிவு முதலில் இப்படித் தொடங்கியது:

"கடல் உணவுகள் நம் முன்னோர்களின் உணவுப் பழக்கத்தில் முக்கிய இடம் வகித்தவை. இன்றைய அவசர உலகில் ஆரோக்கியமான பாரம்பரிய உணவுகளைத் தேடிச் செல்வது குறைந்து வருகிறது."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் மறுக்கப் போவதும் இல்லை. மறுக்க முடியாத வாக்கியத்தில் தெரிந்துகொள்ளவும் எதுவும் இருக்காது, விரல் தள்ளிவிடும். "இன்றைய", "நம் முன்னோர்கள்", "அனைவரும் அறிந்ததே" என்று தொடங்கும் எந்தப் பத்திக்கும் இதே கதிதான்.

சோதிக்கும் விதம்: முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் முதலாவதை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டாவதையும் மறைத்துப் பாருங்கள். அந்தக் கருவாட்டுப் பதிவில் நான்காவது பத்தி வரைக்கும் மறைத்துக்கொண்டே போனேன். அங்கே ஒரு வரி இருந்தது: "எங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் கருவாட்டை உடைத்துப் பார்த்து வாங்கலாம்." உயிர் அங்கேதான் இருந்தது, ஆனால் வரி சவலையாக இருந்தது. மறுநாள் காலை கடைக்கே போய் நின்றேன். புதிய தொடக்கம் அங்கிருந்து வந்தது:

"நெத்திலி ஒன்றை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார் அக்கா. டக். 'கேட்டுச்சா? இது காஞ்சது.' அடுத்த கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. 'இது நாளைக்கு வெயிலுக்குப் போவணும். எவ்ளோ கேட்டாலும் இன்னிக்குத் தர மாட்டேன்.'"

"தரம்" என்ற சொல் இதில் இல்லை. "நம்பிக்கை" என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு இரண்டும் கிடைத்துவிட்டன. கூடவே ஒரு வித்தையும் கிடைத்தது: இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடை நினைவுக்கு வரும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். உள்ளேயிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் முதலில் வருகின்றன. யார் வரப்போகிறார் என்று நாம் காத்திருக்கிறோம். பதிவின் முதல் மூன்று வரிக்கு வேலை அதுதான், சலங்கையைக் கேட்க வைப்பது. ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவர்தான் வெளியில் வர வேண்டும். "அன்று இரவு நான் தூங்கவே இல்லை" என்று தொடங்கிவிட்டு மூன்றாவது பத்தியில் தள்ளுபடி விலை சொன்னால், ஏமாற்றப்பட்ட எரிச்சல்தான் மிஞ்சும். அந்த வாசகர் அடுத்த பதிவையும் திறக்க மாட்டார்.

தொடக்கம் அமையாமல் தவிக்கும்போது நான் தொல்காப்பியம் சொல்கிற மூன்றைத்தான் கையில் எடுக்கிறேன்: முதல், கரு, உரி. முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்கே உரிய பொருள்கள்: உணவு, மரம், பறவை, தொழில். உரி என்பது அங்கே வாழ்கிற மனிதர் மனத்தில் நடப்பது. செய்கிற தொழிலையும் கருப்பொருளில் ஒன்றாக வைத்திருப்பதுதான் நமக்கு முக்கியம். கடைக்காரரின் தொழில் கதைக்கு வெளியே நிற்கும் விளம்பரச் சரக்கு அல்ல, கதை விளைகிற மண்ணில் ஒன்று. உங்கள் முதல் பத்தியில் எந்த இடம், எந்தப் பொழுது, கையில் என்ன பொருள், யாருக்கு என்ன தவிப்பு என்று நான்கையும் தேடிப் பாருங்கள். நான்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு இருந்தாலே விரல் நிற்கும்.

பொழுது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே கருவாட்டுக் கடைக்கு இரண்டாவது பதிவை ஏப்ரல் 14 மாலையில் தொடங்கினோம். மறுநாளிலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "எங்களிடம் எல்லா வகைக் கருவாடும் கிடைக்கும்" என்ற வரியை வேறு எந்த நாளில் எழுதினாலும் அது வெறும் பட்டியல். ஏப்ரல் 14 மாலையில் எழுதினால், எவ்வளவு காய வைத்திருக்கிறார், ஜூன் வரை தாங்குமா, வாங்கியவர் வீட்டில் பூசணம் பிடிக்காமல் எப்படி வைப்பது என்று கேள்விகள் தானாக எழும்.

அறிகுறி: தொடக்கம் நன்றாக இருக்கிறது, நடுவில் தொய்ந்துவிடுகிறது

இது வந்தால் வாக்கியங்களுக்கு நடுவில் "அப்புறம்" போட்டுப் படித்துப் பாருங்கள்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர் அனுப்பியது: "2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியது. (அப்புறம்) எங்கள் தோப்பில் பெரும்பாலான மரங்கள் சாய்ந்தன. (அப்புறம்) புதிய ஒட்டுக் கன்றுகளை நட்டோம். (அப்புறம்) இன்று நேரடியாக வாடிக்கையாளர்களுக்கு விற்பனை செய்கிறோம்."

எல்லா இடத்திலும் "அப்புறம்" கச்சிதமாக உட்காருகிறது. அதுதான் நோய். சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்று இன்னொன்றைப் பிறப்பிக்கவில்லை. இப்போது அதே இடங்களில் "ஆனால்", "அதனால்" என்ற இரண்டில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டுமே ஒட்டவில்லையோ அந்த இடத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது.

இந்தப் பதிவில் ஓட்டை இருந்தது "மரங்கள் சாய்ந்தன", "கன்றுகள் நட்டோம்" என்ற இரண்டுக்கும் நடுவில். ஒட்டுக் கன்று காய்ப்புக்கு வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். நல்ல விளைச்சலுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷம் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? போன் செய்து கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார்.

பிறகு சொன்னார். சாய்ந்த மரத்தை விறகுக்கு விற்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் விறகுக்கு விலையே இல்லை. அதனால் அவரும் மனைவியும் வேறொருவர் கொட்டை உடைக்கும் கொட்டகைக்குக் கூலிக்குப் போனார்கள். ஆனால் அதுவரை அவர்கள் கொட்டையாகவே வியாபாரிக்குக் கொடுத்துப் பழகியவர்கள். பருப்பை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், முழுப் பருப்புக்கு என்ன விலை, உடைந்ததற்கு என்ன விலை என்று அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதனால் புதுக் கன்று காய்த்தபோது கொட்டையாகக் கொடுக்க அவர் மனசு ஒப்பவில்லை.

நேரடி விற்பனைக்குக் காரணம் இப்போதுதான் பதிவுக்குள் வந்திருக்கிறது. முதல் வடிவத்தில் அது ஒரு அறிவிப்பு. இந்த வடிவத்தில் அது மூன்று வருஷக் கூலி வேலையிலிருந்து முளைத்த முடிவு. படிக்கிறவர் அவரிடம் ஏன் வாங்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி தேவைப்படவில்லை.

அவருடைய மனைவி சொன்ன ஒரு விஷயத்தையும் சேர்த்தோம். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் உடைக்க உட்காரும்போது கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாம்பலைக் கழுவிவிட்டுச் சோறு பிசையும்போது விரல் நுனி எரியுமாம். அந்த ஒரு வரிக்கு வந்த பதில்கள் வேறு எந்த வரிக்கும் வரவில்லை. நடுப்பகுதி தொய்வதற்கு இன்னொரு காரணமும் இதுதான்: எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் நின்று சொல்வது. வருஷங்களை ஒரு வரியில் தாண்டுங்கள், ஒரு சாயங்காலத்துக்குப் பத்து வரி கொடுங்கள்.

அறிகுறி: "விளம்பர வாடை அடிக்குது"

தரமான, சுவையான, தனித்துவமான, பாரம்பரியமிக்க, கைபடாத, நம்பகமான. பதிவை எடுத்து இந்தச் சொற்களுக்கெல்லாம் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் சான்று இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் சொல். அதை நீக்கிவிட்டால் மட்டும் போதாது, அங்கே எந்தச் சான்று இருந்திருக்க வேண்டும் என்று தேட வேண்டும்.

மேலே சொன்ன முந்திரிப் பதிவிலேயே "பெரிய, தரமான முந்திரிப் பருப்பு" என்று ஒரு வரி இருந்தது. பெரியது என்றால் எவ்வளவு பெரியது? அவர்கள் தொழிலில் அதற்கு எண் இருக்கிறது. டபிள்யூ என்பது முழுப் பருப்பைக் குறிக்கும் எழுத்து. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு. டபிள்யூ 180 என்றால் 170 முதல் 180 பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். இதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால், 250 கிராம் பாக்கெட்டில் டபிள்யூ 180 நூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். டபிள்யூ 320 என்றால் 170 வாக்கில் இருக்கும்.

இந்தத் தகவலையும் அப்படியே கொட்டக் கூடாது. யாருக்காவது தேவைப்படும் நேரத்தில் வர வேண்டும். வளைகாப்புக்குப் பாயசம் வைக்க ஒரு அம்மா மூன்று கிலோ டபிள்யூ 180 கேட்டிருக்கிறார். "பாயசத்துக்கு நெய்யில வறுத்துப் போடப்போறீங்க, உடைச்சுதான் போடுவீங்க. அதுக்கு ஏம்மா இவ்ளோ விலை? பாதிப் பருப்பு வாங்கிக்குங்க, தட்டுல வைக்க மட்டும் அரைக் கிலோ பெருசு வாங்கிக்குங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த உரையாடலுக்குள் எண்களை வைத்தோம். "நேர்மையான வியாபாரம்" என்ற சொற்றொடரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டோம், அதற்கு இனி அங்கே வேலை இல்லை.

அறிகுறி: "கதை சூப்பர்" என்கிறார்கள், கடைப் பெயர் நினைவில் இல்லை

கதையும் கடையும் தனித்தனியாக நிற்கின்றன. உங்கள் கதையை அப்படியே எடுத்து ஒரு ஜவுளிக் கடைப் பதிவில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது உங்கள் கதை இல்லை. "பாட்டி கைப்பக்குவம்" கதைகளில் பாதி இப்படித்தான்.

தேவனாம்பட்டினம் வழி விடுதிக்காரர் எழுதியது இதைவிட நுணுக்கமான கோளாறு. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் கதையைச் சொல்லியிருந்தார். 1690-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. அந்த நினைவுதான் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பெயரில் நிற்கிறது. அருமையான கதை. பலர் பகிர்ந்தார்கள். அறை கேட்டு ஒருவர்கூட அழைக்கவில்லை.

காரணம், கதைக்குள் விருந்தாளி யாரும் இல்லை. பீரங்கி இருக்கிறது, ஆங்கிலேயக் கும்பினி இருக்கிறது, வந்து தங்கப் போகிறவர் இல்லை. அவரிடம் யார் அதிகம் வந்து தங்குகிறார்கள் என்று கேட்டேன். "வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றவங்கதான். ரொம்ப நடக்க முடியுமா, படி ஏறணுமான்னு கேப்பாங்க" என்றார். அந்தக் கேள்வியோடு வருகிற ஒரு குடும்பத்தை வைத்து மறுபடி எழுதினோம். மகள் ஓட்டுகிறார், அப்பா பின்சீட்டில். சாலைப் பெயர்ப் பலகையைப் பார்த்து "அது என்னம்மா குண்டு சாலை?" என்று அப்பா கேட்கிறார். மகளுக்குத் தெரியவில்லை. விடுதியில் சாவி கொடுக்கும்போது இவர் சொல்கிறார். மறுநாள் விடியலில் வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறார்கள். வண்டி எதுவரை போகும், மணலில் எத்தனை அடி நடக்க வேண்டியிருந்தது, அப்பா எங்கே உட்கார்ந்தார் என்று வருகிறது. பீரங்கிக் கதை நான்கு வரியாகச் சுருங்கியது. ஆனால் இப்போது அது ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்.

அறிகுறி: கடைசி வரை படிக்கிறார்கள், ஆனால் போன் வருவதில்லை

இரண்டு காரணம்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கதை முதலாளியின் வெற்றியில் முடிகிறது. "இன்று மூன்று கிளைகளுடன் வளர்ந்து நிற்கிறோம்" என்றால் வாசகர் மனதுக்குள் வாழ்த்திவிட்டுப் போய்விடுவார். வாசகருக்குத் தீர வேண்டியது என்ன என்பதில் முடியுங்கள். இரண்டாவது, கடைசியில் நான்கு வேலை சொல்வது: அழைக்கவும், பின்தொடரவும், பகிரவும், நேரில் வரவும். ஒன்றே ஒன்று கேளுங்கள், அதுவும் கதையிலிருந்தே வரட்டும். முந்திரிப் பதிவு இப்படி முடிந்தது: "என்ன சமையலுக்கு, எத்தனை பேருக்கு என்று வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். எந்தப் பருப்பு போதும் என்று சொல்கிறேன்."

அறிகுறி: எழுதிய தமிழ் கட்டையாக இருக்கிறது

எழுதாதீர்கள், பேசிப் பதிவு செய்யுங்கள். வில்லியனூர்க்காரர் எழுதி அனுப்பியது: "எங்கள் படைப்புகள் உயர்தரக் களிமண்ணைக் கொண்டு மிகுந்த கவனத்துடன் உருவாக்கப்படுகின்றன." போனில் குரல் பதிவு போடச் சொன்னேன். வந்தது: "வெயில்ல வெச்சா வெடிச்சிரும் சார், அதான் நிழல்லயே காய வைக்கறோம். மழை மாசத்துல ஆர்டர் குடுத்தா காயவே நாளாவும். ஐப்பசிக்கு வேணும்னா ஆவணியிலயே சொல்லிடணும்." "உருவாக்கப்படுகின்றன" என்பதில் ஆளே இல்லை. குரலில் ஆள், மண், மாதம், வாடிக்கையாளருக்கு வேண்டிய தகவல் எல்லாம் இருந்தன. பேச்சு மொழியை அப்படியே போடுவதா, எழுத்து மொழிக்கு மாற்றுவதா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் அவர் சொன்ன வரிசையை மாற்றாதீர்கள்.

அறிகுறி: "கதை விட்டிருக்காங்க" என்று சந்தேகப்படுகிறார்கள்

இதை நான் செய்து பட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் புதுச்சேரியில் ஒரு கடைக்காக எழுதும்போது, மூன்று வாடிக்கையாளர்கள் சொன்னதைச் சேர்த்து ஒரே பெண்மணியாக்கி, அவருக்கு ஒரு பெயரும் முத்தியால்பேட்டையில் ஒரு வீடும் கொடுத்துவிட்டேன். கதை ஒழுங்காக வர வேண்டும் என்ற ஆசை. ஒரு வாரத்தில் அதே தெருக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "அந்தப் பேர்ல எங்க தெருவுல யாரும் இல்லையே" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "அவர் முகத்தைப் பார்க்க முடியலைங்க" என்று மட்டும் சொன்னார். பதிவை எடுத்துவிட்டேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் முறை: நடக்காததை நடந்ததாக எழுதுவதில்லை. பெயர் சொல்ல விரும்பாதவருக்குப் புதுப் பெயர் வைப்பதில்லை, "நெய்வேலியிலிருந்து வந்த அம்மா" என்று விட்டுவிடுவேன். கற்பனையாக ஒரு சூழலைச் சொல்ல வேண்டியிருந்தால் "இப்படி வைத்துக்கொள்வோம்" என்று தொடங்குவேன். வாடிக்கையாளர் சொன்னதை வெளியிடுவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுவேன். ஒருமுறை ஒருவர், "நான் அவ்ளோ நல்லா பேசலையே" என்று சிரித்துவிட்டு, தான் உண்மையில் சொன்னதைச் சொன்னார். அது நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

சந்தேகம் வர இன்னொரு காரணம், கதையில் எதுவுமே தப்பாகப் போகாமல் இருப்பது. வளைந்த நெத்திலி இல்லாமல் ஒடிந்த நெத்திலியை மட்டும் காட்டியிருந்தால் அக்காவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உங்கள் பொருள் எதற்கு உதவாது, யாருக்கு ஒத்துவராது, எப்போது தாமதமாகும் என்று ஒரு இடத்திலாவது சொல்லுங்கள்.

அறிகுறி: "எங்க தொழில்ல சொல்ற மாதிரி கதையே இல்லைங்க"

எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். கதை இல்லாமல் இல்லை, குறிப்பு இல்லை.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. அங்கே வீடு கட்டி வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை வியாபாரி. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்தவர். 1736-லிருந்து 1761 வரை இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார், யாருக்கு மனஸ்தாபம் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்தார். வரலாறு எழுதுவதாக நினைத்து உட்கார்ந்தவர் இல்லை, வியாபாரத்துக்கு நடுவில் கண்டதையும் கேட்டதையும் குறித்தவர். இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதுகிற யாரும் அவரிடம் வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. முக்கியமானது எது என்று தீர்மானித்துவிட்டு எழுதியிருந்தால் பாதி விட்டுப்போயிருக்கும்.

அதனால் நான் பதிவு எழுதச் சொல்வதில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைக்கச் சொல்கிறேன். கடை சாத்துவதற்கு முன் ஐந்து வரி. தேதி, கிழமை, வெயிலா மழையா. பிறகு இவற்றில் எது நடந்ததோ அது: இன்றைக்கு யார் என்ன கேட்டு, நம்மிடம் பதில் இல்லாமல் போனது? யார் திருப்பிக் கொண்டுவந்தார், என்ன சொன்னார்? யாரை வாங்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம்? வேலையில் எது கைநழுவியது? அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், "வாடிக்கையாளர் அதிருப்தி தெரிவித்தார்" என்று எழுதினால் நோட்டு வீண். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வரச் சொல்வேன். இதுவரை வெறும் நோட்டோடு வந்தவர் இல்லை.

எந்தக் குறிப்பு பதிவாகும் என்று எப்படித் தெரியும்? ஒருவர் எதையோ விரும்பி வந்திருக்க வேண்டும், ஏதோ ஒன்று குறுக்கே நின்றிருக்க வேண்டும், கடைசியில் யாராவது கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

கருவாட்டுக் கடை அக்காவின் நோட்டில் போன வாரம் இருந்தது:

"புதன். காலையில தூத்தல். வாளை பாதி உள்ள எடுத்துட்டோம். நெய்வேலி அம்மா வந்தாங்க, போன தபா வாங்கினதுல வாய்ல மணல் நறநறன்னுச்சாம். வேற மாத்திக் குடுத்தேன். அது வலைமேல காய வெச்சதா, தரையில வெச்சதான்னு பாக்கணும்."

நெய்வேலியிலிருந்து ஒருவர் மாற்ற வந்திருக்கிறார். காரணம் இன்னும் தெரியவில்லை. அக்கா தன் தம்பியிடம் கேட்டிருக்கிறார், மழைக்குப் பயந்து அவசரத்தில் தரையில் சாக்கு விரித்துக் காய வைத்த தட்டு எது என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போகிறேன்.